ட்ரெயிலர் பிரிட்ஜ் கூட்டுக்குள் காற்று வரவேண்டும், தூசி வரக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் ட்ரெயிலர்களுக்குத் தகர வேலையும் வயரிங்கும் செய்கிறேன். ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிற குடும்பங்கள், முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீனும் இறாலும் ஏற்றுகிறவர்கள், விடுமுறைக்கு வந்து குளக்கரையில் நாலு நாள் தங்க ஆசைப்படுகிறவர்கள் என்று பலர் ட்ரெயிலரில் 12 வோல்ட் பிரிட்ஜ் வைக்கக் கேட்டு வருகிறார்கள். பிரிட்ஜை மூடிவைக்கிற பெட்டியைத்தான் இங்கே கூடு என்கிறேன். வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன்.

பிரிட்ஜ் தானே குளிரா இருக்குது, அதுக்கு எதுக்கு அண்ணை காற்று?

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொம்பிரசர் பக்கத்துக் கம்பி வலை மூடிக்கு முன்னால் கையை வைத்துப் பாருங்கள், சூடான காற்று அடிக்கும். உள்ளிருந்து எடுத்த சூடும், கொம்பிரசர் ஓடச் செலவான மின்சாரத்தின் சூடும் சேர்ந்து அந்த வழியால்தான் வெளியேறுகிறது.

40, 50 லீற்றர் பிரிட்ஜ் ஒன்று ஓடும்போது 50 வாட் அளவு எடுக்கும். வெளியே கொட்டுகிற சூடு 100 வாட்டைத் தாண்டும். மூடிய பெட்டிக்குள் 100 வாட் குண்டுபல்பு ஒன்றை எரியவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியில் 35 பாகை என்றால் கூட்டுக்குள் 45, 50 என்று ஏறும். கொட்டிய சூட்டையே பிரிட்ஜ் திரும்ப இழுக்கும். கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடும், விடிவதற்குள் பற்றரி இறங்கிவிடும்.

ஐஸ் பெட்டி காணாதா?

ஒரு நாள் பயணத்துக்குத் தாராளமாகக் காணும். நல்ல ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுப் போனால் காற்றும் தேவையில்லை, பற்றரியும் தேவையில்லை. மூன்று நாளுக்கு மேல் தங்குகிறீர்கள், இன்சுலின் போன்ற மருந்து வைத்திருக்கிறீர்கள், பால் தேவைப்படுகிற குழந்தை இருக்கிறது என்றால் பிரிட்ஜ் நல்லது. அதுவும் இல்லாமல் யாரோ வைத்திருக்கிறார்கள் என்பதற்காக வைக்க வேண்டாம்.

கூட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில எவ்வளவு இடம் விடோணும்?

பிரிட்ஜோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுதான் முதல். புத்தகம் இல்லையென்றால் சுற்றிவர 5 சென்ரிமீற்றர், வலை மூடி இருக்கிற பக்கம் 10 சென்ரிமீற்றர் விடுங்கள். மூடி மேல்நோக்கித் திறக்கிற பிரிட்ஜ் என்றால் திறக்கும் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அளவெடுக்கிற நாளிலேயே பிரிட்ஜையும் கொண்டுவரச் சொல்வேன், கடதாசியில் எழுதிய அளவு பல தடவை பிழைத்திருக்கிறது.

ரெஜிபோம் அடிப்பது நல்லதுதான். கூரையிலும் வெயில் படும் பக்கத்திலும் அடியுங்கள். வலை மூடிக்கு எதிரே இடைவெளியைத் தின்கிற மாதிரி அடிக்காதீர்கள்.

ஓட்டை போட்டால் தூசி வருது, அடைச்சால் சூடாகுது. என்னதான் செய்யிறது?

எல்லோருக்கும் தட்டுகிற இடம் இதுதான். மடு, மல்லாவி, நெடுங்கேணி என்று எந்தப் பக்கம் போனாலும் தார் வீதியிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் கிரவலில் ஓட வேண்டியிருக்கிறது. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினால் செம்மண் மாவாகப் பறக்கும். முன்னால் போகிற வாகனம் கிளப்புகிற புழுதி முழுவதும் பின்னால் வருகிற ட்ரெயிலரில்தான் விழும்.

காற்றையும் தூசியையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் குழப்பம். கூட்டில் காற்று உள்ளே வர ஒரேயொரு வாய் இருக்கவேண்டும், அதில் பில்டர் இருக்கவேண்டும், விசிறி ஒன்று அதன் வழியாகக் காற்றை உள்ளே தள்ளவேண்டும். மிச்ச எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டு, சூடு போக ஒரு வாயை மட்டும் மறுபக்கம் விட வேண்டும். அப்போது கூட்டுக்குள் காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதை விட ஒரு துளி கூடுதலாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இடுக்கு ஒன்று எங்காவது மிஞ்சியிருந்தாலும் அதனூடாகக் காற்று வெளியேதான் ஊதும், தூசியால் எதிர்த்து உள்ளே வர முடியாது. அவுஸ்திரேலியாவில் தார் போடாத நீண்ட பாதைகளில் ஓடுகிற கேம்பர் ட்ரெயிலர்களிலும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள்.

விசிறியை உள்ள தள்ள வைக்கிறதா, வெளிய இழுக்க வைக்கிறதா?

உள்ளே தள்ள. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் நான் செய்த முதல் கூட்டில் இழுக்கிற விசிறிதான் வைத்தேன். சூடு வெளியே போகவேண்டும், ஆகவே சூட்டை வெளியே இழுக்கலாம் என்று நினைத்தேன். முற்றத்தில் நிறுத்திப் பார்த்தபோது அருமையாக வேலை செய்தது. விசுவமடுப் பக்கம் கிரவல் பாதையால் ஒரு தடவை போய்வந்து திறந்தால், கொம்பிரசருக்குப் பக்கத்து அலுமினியத் தகடுகளுக்கிடையில் மிளகாய்த்தூளை அப்பின மாதிரிச் செம்மண். பில்டர் மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

காரணம் இதுதான். விசிறி இழுக்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. குறைகிற காற்றை ஈடுசெய்ய, தடை குறைந்த வழியால் வெளிக்காற்று வரும். பில்டர் தடை கூடியது. கதவு இடுக்கும் வயர் ஓட்டையும் தடை குறைந்தவை. ஆகவே பில்டரை விட்டுவிட்டு இடுக்குகளால் தூசியோடு நுழைந்தது. விசிறியின் பக்கத்தில் காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி பலவற்றில் இருக்கும். பூட்டும் முன் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டுக் கடதாசியைப் பிடித்துப் பாருங்கள்.

எந்த விசிறி வாங்கிறது? பெரிசா வேணுமா?

12 வோல்ட், 120 மில்லிமீற்றர் கொம்பியூட்டர் விசிறி ஒன்று போதும். கணக்கையும் சொல்கிறேன். 100 வாட் சூட்டை எடுத்துச் செல்ல, கூட்டின் வெப்பம் வெளியை விட 5 பாகைக்கு மேல் ஏறாமல் இருக்க, மணிக்கு 60 கன மீற்றர் அளவு காற்று வேண்டும். 120 மில்லிமீற்றர் விசிறி தடை எதுவும் இல்லாமல் அதைவிடக் கூடவே தள்ளும். பில்டரை முன்னால் வைத்தால் பாதிக்குக் குறைந்தாலும் ஏறக்குறைய சமாளிக்கும். கடையில் 25 மில்லிமீற்றர் கனமானதும் 38 மில்லிமீற்றர் கனமானதும் இருக்கும். கனமானதற்கு அழுத்தம் கூட, பில்டரை மீறித் தள்ளும், சத்தமும் கூட. நான் கனமானதைத்தான் போடுகிறேன்.

25 மில்லிமீற்றர் விசிறி 0.2 அல்லது 0.3 ஆம்ப் எடுக்கும். நாள் முழுக்க ஓடினாலும் 5 முதல் 7 ஆம்ப்மணிதான், கனமானது அதைவிடக் கூட எடுக்கலாம். நிற்கும்போது கூட்டுக்குள் 35, 38 பாகை தாண்டினால் மட்டும் ஓடும்படி சின்ன வெப்ப சுவிட்ச் ஒன்று போடலாம். ஆனால் வாகனம் ஓடும்போது விசிறி நிற்கவே கூடாது. சாவி போட்டவுடன் ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச்) மூலம் ஓடத் தொடங்குகிற மாதிரி வயர் இழுங்கள். பிரிட்ஜ் ஓய்ந்திருந்தாலும் தூசி ஓய்ந்திருக்காது.

பில்டருக்கு என்ன போடலாம்? நுளம்பு வலை காணாதா?

நுளம்பு வலை நுளம்பைத்தான் தடுக்கும், செம்மண் மா அதன் கண்ணுக்குள்ளால் சிரமமில்லாமல் போய்விடும். மோட்டார் சைக்கிள் எயர் பில்டருக்குப் போடுகிற ஸ்பொஞ்ச் தாளாக வெட்டி வாங்கக் கிடைக்கும். கொஞ்சம் பில்டர் எண்ணெய் விட்டுப் பிசைந்து, பிழிந்து, பிறகு பூட்டுங்கள். எண்ணெய் சொட்டுகிற அளவுக்கு விட்டால் காற்றே போகாது. கார் ஏசியின் கபின் பில்டரும் நல்லது, ஆனால் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பில்டரின் பரப்பை விசிறி வாயை விட மூன்று, நாலு மடங்கு பெரிதாக வையுங்கள். அகலமான பில்டரில் காற்று மெதுவாகப் போகும், தடை குறையும், அடைக்கிற நாளும் தள்ளிப்போகும். விசிறிக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டி செய்து அதன் வாயில் முழுவதும் பில்டரைப் போட்டால் இது தானாகக் கிடைக்கும். பில்டரின் விளிம்பில் இடைவெளி இருந்தால் மேலே இழுக்கிற விசிறிக்குச் சொன்ன அதே கதைதான், அதனால் சட்டத்துக்கு ஸ்பொஞ்ச் பட்டி ஒட்டி இறுக்குங்கள்.

காற்று எடுக்கிற வாயை எங்க வைக்கிறது?

வயலில் நிற்கிற ட்ரக்டர்களைப் பாருங்கள். பலவற்றில் காற்று எடுக்கிற குடுவை பொனட்டுக்கு மேலே எழும்பி நிற்கும். உழும்போது புழுதி கீழேதான் கனம், மேலே போகப்போகக் குறையும் என்பதால் அப்படி வைத்தார்கள். ட்ரெயிலருக்கும் அதே நியாயம்தான். கூட்டின் முன்பக்கம், முடிந்த மட்டும் உயரத்தில் வாயை வையுங்கள். பின்பக்கம் வேண்டாம். ஓடுகிற பெட்டியின் முதுகுக்குப் பின்னால் காற்று சுழன்று புழுதியை இழுத்து வைத்திருக்கும்.

ஆனால் பிரிட்ஜ் காற்றை இழுக்கிற வலை மூடி பெரும்பாலும் கீழே இருக்கும். மேலிருந்து எடுத்த காற்றை அங்கே கொண்டுவர 4 அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் கூட்டின் உள் மூலையால் இறக்கி, அதன் வாயை வலை மூடிக்கு எதிரே திருப்பிவிடுங்கள். சூடு போகிற வாய் மறுபக்கச் சுவரில் மேலே இருக்கட்டும், சூடு தானே மேலே போகும். அந்த வாய்க்குக் கீழ்நோக்கிய தகரத் தொப்பியும், வெளிப்பக்கம் மேல் விளிம்பில் ஒட்டிய றப்பர் நாக்கு ஒன்றும் வேண்டும். விசிறி ஊதினால் நாக்கு திறக்கும், நின்றால் விழுந்து மூடும்.

காற்று நல்லா வருது, ஆனா சூடு குறையேல்லை. ஏன்?

பிரிட்ஜ் தான் கொட்டிய சூட்டையே திரும்பக் குடிக்கிறது. கூடு ஒரே அறையாக இருந்தால் வெளியே வந்த சூடான காற்று சுற்றிவந்து இழுக்கிற பக்கம் போய்விடும். இழுக்கிற பக்கத்துக்கும் கொட்டுகிற பக்கத்துக்கும் நடுவில், பிரிட்ஜின் உடம்பைச் சுற்றி, கட்டியான ஸ்பொஞ்சினால் தடுப்பு ஒன்று போடுங்கள். பிரிட்ஜ் அதில் அழுந்தி நிற்க வேண்டும். புதிய காற்று ஓர் அறைக்குள் வந்து, பிரிட்ஜுக்குள்ளால் போய், மறு அறையால் வெளியேறும். பலர் விசிறியை இன்னும் பெரிதாக்கச் சொல்லி வருகிறார்கள். தடுப்புப் போட்டதும் விசிறியை மாற்ற வேண்டிய தேவையே அநேகமாக வருவதில்லை.

சரிதானா என்று பார்க்க இரண்டு வெப்பமானி போதும். ஒன்றை வெளியே நிழலில் வையுங்கள், மற்றதை இழுக்கிற வலை மூடிக்கு முன்னால் வையுங்கள். வித்தியாசம் 5 பாகைக்குள் இருந்தால் நல்லது. 10 என்றால் எங்கோ பிழை.

கதவுக்கு றப்பர் பீடிங் போட்டும் தூசி வருதே?

முதலில் விசிறியின் திசையைப் பாருங்கள். அது சரியென்றால் இரவில் கூட்டுக்குள் டோர்ச் லைட்டை எரியவிட்டுக் கதவை மூடி, வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் தூசியின் வாசல். பிறகு ஒரு கடதாசித் துண்டைப் பீடிங்கில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். லேசாக வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. பெரும்பாலும் பிணைச்சலுக்கு எதிர்ப்பக்க மேல் மூலையில்தான் இப்படி இருக்கும். ஒரு கொளுக்கிக்குப் பதிலாக இரண்டு இறுக்குக் கொளுக்கிகள் போட்டால் கதவு முழுவதும் சமமாக அழுந்தும்.

மறந்துபோகிற இடங்கள் மூன்று. வயர் நுழைகிற ஓட்டைக்கு றப்பர் வளையம் வேண்டும். தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு, நீர் கனத்தால் திறந்து மற்ற நேரம் ஒட்டிக்கொள்கிற மெல்லிய றப்பர் குழாய் போடலாம். தகரத் தளம் சுவரோடு சேருகிற மூலையில் வெல்டிங் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார்கள், இடையில் எல்லாம் திறந்திருக்கும். அதற்கு சீலன்ட் இழுங்கள். மீன் ஏற்றுகிறவர்கள் உப்புத் தண்ணீர் அந்த மூலையை அரிப்பதால் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும்.

கிரவல் றோட்டில போற நேரம் மட்டும் பிரிட்ஜை நிப்பாட்டி, எல்லா வாயையும் மூடிட்டுப் போனால் என்ன?

அதுவும் நல்ல வழிதான், செலவும் இல்லை. பொருள் நிறைந்து நன்றாகக் குளிர்ந்த பிரிட்ஜ் மூடி திறக்காமல் ஒன்று, இரண்டு மணித்தியாலம் தாங்கும். ஆனால் வாயை மூடிவிட்டுப் பிரிட்ஜை நிறுத்த மறப்பதுதான் ஆபத்து, அதைவிடத் திரும்பத் திறக்க மறப்பது. மூடுகிற பலகையில் சுவிட்ச் ஒன்று பூட்டி, மூடினால் பிரிட்ஜும் நிற்கிற மாதிரிச் செய்துகொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்ய முடியாவிட்டால் வாகனத்தின் சாவியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

மாரிக்கு என்ன செய்யிறது?

ஐப்பசி தொடங்கினால் தூசி போய்த் தண்ணீர் வரும். காற்று எடுக்கிற வாய்க்கும் தகரத் தொப்பி வேண்டும். நனைந்த ஸ்பொஞ்ச் காற்றை விடாது, மாற்றிப் போட இன்னொன்றைப் பையில் வைத்திருங்கள்.

பற்றரியையும் அதே கூட்டுக்குள்ள வைக்கலாமா? இடம் மிச்சம் அண்ணை.

தண்ணீர் விடுகிற ஈயப் பற்றரி என்றால் வைக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பொறி ஒன்றில் வெடிக்கும். அசிட் ஆவி பிரிட்ஜின் செப்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் அரிக்கும். அதற்குத் தனிப் பெட்டி, மேலே வெளிப்பக்கம் திறந்த துளையோடு. லித்தியம் பற்றரி சாதாரணமாகச் சார்ஜ் ஏறும்போது வாயு விடாது என்றாலும் சூடு அதன் ஆயுளைக் குறைக்கும், அதனால் காற்று உள்ளே வருகிற குளிர்ந்த அறையில் வைக்கலாமே தவிரச் சூடு கொட்டுகிற பக்கம் வேண்டாம்.

வீட்டில இருக்கிற சின்ன பிரிட்ஜை இன்வெர்ட்டரில போட்டால் வேலை செய்யாதா?

செய்யும், ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். பின்னால் கறுப்புக் கம்பிவலை இல்லாத பிரிட்ஜ் என்றால் சூடு பக்கச் சுவர்களால் போகிறது. அப்படியானதற்கு மேலே சொன்ன நடுத்தடுப்பு பொருந்தாது, இரு பக்கமும் காற்று ஓட வேண்டும். அடுத்தது, உள்ளே ஒட்டியிருக்கிற தாளில் எந்தக் காலநிலைக்குச் செய்தது என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கும். ‘டி’ என்றால் சுற்றுவெப்பம் 43 பாகை வரை, ‘எஸ்டி’ என்றால் 38 வரை, ‘என்’ என்றால் 32 வரைதான். சித்திரை வெயிலில் ‘என்’ பிரிட்ஜைக் கூட்டுக்குள் வைத்தால் எந்த விசிறியும் காப்பாற்றாது.

காஸில ஓடுற பிரிட்ஜுக்கும் இதே கூடு சரியா?

சரியில்லை. அதற்குள் சுடர் எரிகிறது. மூடிய கூட்டில் ஒட்சிசன் குறைந்து கார்பன் மொனொக்சைட் வரும், அது மணமில்லாமல் ஆளைக் கொல்லும். சிந்துகிற காஸ் காற்றை விடக் கனமானது, தளத்தில் தேங்கும், ஆகவே தளத்திலேயே திறந்த துளைகள் வேண்டும். விசிறி ஊதினால் சுடரும் அணையும். வாகனம் ஓடும்போது காஸைப் பூட்டிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எதையும் காஸ் பிரிட்ஜுக்குச் செய்யாதீர்கள்.

எல்லாம் சொன்ன மாதிரிச் செய்தாச்சு, பின்னேரம் நாலு மணிக்குப் பிரிட்ஜ் நிண்டு போகுது. ஏன்?

வெப்பமானி வித்தியாசம் 5 பாகைக்குள் இருக்கிறதா? இருந்தால் பிழை காற்றில் இல்லை, வயரில். வாகனத்தின் பற்றரியிலிருந்து ட்ரெயிலருக்கு 8 மீற்றர் வயர் ஓடுகிறது என்று வையுங்கள். போக வர 16 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 ஆம்ப் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பற்றரியில் 12.2 இருந்தாலும் பிரிட்ஜுக்குக் கிடைப்பது 11.7தான். பற்றரியைக் காக்க, வோல்ட் குறைந்தால் பிரிட்ஜை நிறுத்துகிற வெட்டு ஒன்று அதில் இருக்கும், அதை உயர்ந்த அளவில் வைத்திருந்தால் நிறுத்திவிடும். பகல் முழுக்க ஓடிய கொம்பிரசர், இறங்கிய பற்றரி, இரண்டும் சேருகிற நேரம் பின்னேரம். 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குள் வந்துவிடும். ட்ரெயிலர் பிளக்கின் ஊசிகளில் செம்மண்ணும் பாசியும் பிடித்திருந்தாலும் இதே நோய்தான், கழற்றித் தேய்த்துப் பாருங்கள்.

வயரும் சரியென்றால் எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். காலையில் பாலை மரத்து நிழலில் நிறுத்திய ட்ரெயிலரின் மேற்குச் சுவர் பின்னேரம் முழு வெயிலில் நிற்கும். கூரைக்கு வெள்ளை நிறம் அடித்து, ஒரு சாண் மேலே இன்னொரு தகரமோ தறப்பாளோ கட்டுங்கள். இடையில் காற்று ஓடினால் கூட்டின் கூரை கையால் தொடுகிற அளவுக்கு ஆறிவிடும்.

எறும்பு, பல்லி எல்லாம் உள்ள போகுதே?

சூடு போகிற வாய்க்கு உள்ளே கண் சிறிய துருப்பிடிக்காத கம்பிவலை போடுங்கள். பல்லி, எலி நிற்கும். எறும்பு நிற்காது, ட்ரெயிலரின் கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சட்டி வைக்கிற நம்முடைய பழைய வழிதான் அதற்கு மருந்து.

எத்தனை நாளைக்கு ஒருக்காத் துப்பரவு செய்யிறது?

கிரவலில் ஓடிய ஒவ்வொரு நாளும் பின்னேரம் பில்டரைக் கழற்றித் தட்டுங்கள். பயணம் முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுவதும் காயவிட்டு, எண்ணெய் பூசிப் பூட்டுங்கள். ஈரத்தோடு பூட்டினால் தூசி சேறாகி ஒட்டும்.

பிரிட்ஜின் அலுமினியத் தகடுகளுக்கு மென்மையான பிரஷ், தகடு போகிற திசையில். கராஜில் ரயருக்குக் காற்று அடிக்கிற குழாயை முழு அழுத்தத்தில் பிடித்தால் தகடுகள் படுத்துவிடும், காற்று போக வழி இருக்காது. அழுத்தத்தைக் குறைத்து, ஒரு முழம் தள்ளி, உள்ளிருந்து வெளியே போகிற மாதிரி ஊதுங்கள். ஊதுவதற்கு முன் பியூஸைக் கழற்றிவிடுங்கள்.